ஜுவாலஜி படித்துவிட்டு நியூரோசயின்ஸ் பிஎச்டி போகலாமா? எங்கே, எப்படி?

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் ஒரு கல்லூரியில் எம்எஸ்சி ஜுவாலஜி முதல் வருடம் முடியப்போகிறது. போன செமஸ்டரில் பிசியாலஜி பேப்பருக்காக ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் (நரம்பில் ஓடும் மின்துடிப்பு) படிக்க உட்கார்ந்தவன், ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஊசிக்கணவாயின் தடித்த நரம்பு இழை ஒன்றை வைத்துக்கொண்டு 1952-ல் அந்தத் துடிப்புக்கான சமன்பாடுகளை எழுதிய கதைக்குள் போய் இன்னும் வெளியே வரவில்லை. வகை வேறாக இருக்கலாம், ஆனால் எங்கள் ஊர் ஏலக்கூடத்தில் கூடை கூடையாகக் கிடக்கிற அதே சாதிதானே! பிஎச்டி என்று ஒன்று செய்தால் இதில்தான் என்று தோன்றிவிட்டது.

பிரச்சினை என்னவென்றால் இங்கே வழிகாட்ட ஆள் இல்லை. துறையில் கொடுக்கப்போகிற புராஜெக்ட் மீன் செவுளில் பூச்சிமருந்தின் பாதிப்பு, எல்லா பேட்ச்சுக்கும் அதுதான். கேட்க வேண்டியவை:

நியூரோசயின்ஸ் என்று தனித் துறை எங்கெல்லாம் இருக்கிறது, ஜுவாலஜிக்காரனை எடுப்பார்களா? பிளஸ் டூவில் நான் பியூர் சயின்ஸ் குரூப், கணக்கே கிடையாது, அது இடிக்குமா? எலியைக் கொல்லாமல் இந்த ஆராய்ச்சி செய்ய வழி உண்டா? அப்புறம் அப்பா கேட்கும் கேள்வி, "முடிச்சா டாக்டரா இல்லையா, எத்தனை வருஷம், அதுவரைக்கும் சோத்துக்கு என்ன வழி?"

---

ரிக்_நம்பர்_மூன்று எழுதியது:

தம்பி, நான் பெங்களூரில் பிஎச்டி கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன், நானும் ஆர்ட்ஸ் காலேஜ் பயாலஜிதான். முதலில் இடங்கள். பெங்களூர் ஐஐஎஸ்சியில் (இந்திய அறிவியல் கழகம்) நரம்பு அறிவியல் மையம் 2009-ல் ஆரம்பித்தது. ஹரியானா மானேசரில் என்பிஆர்சி இருக்கிறது, தேசிய மூளை ஆராய்ச்சி மையம், 2003-ல் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தது, அதுவே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதால் பட்டமும் அங்கேயே. மானேசருக்குத் தொடக்க இயக்குநராக இருந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத்தான் பிறகு ஐஐஎஸ்சி மையத்தையும் தொடங்கினார், அதாவது இந்தத் துறை நம் நாட்டில் எவ்வளவு புதுசு என்று இதிலேயே தெரிந்துகொள். பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனையும் ஆராய்ச்சி நிலையமும்) இருக்கிறது, என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இருக்கிறது. மனசு, கவனம், மொழி என்று போக விருப்பமென்றால் ஐஐடி கான்பூர், அலகாபாத் பல்கலைக்கழகம் இரண்டிலும் அறிவாற்றல் அறிவியலுக்குத் தனித் துறையும் மையமும் உண்டு.

ஆனால் பெயர்ப்பலகையை வைத்துத் தேடாதே. பாதி நியூரோ லேப்கள் பயோடெக்னாலஜி, பிசிக்ஸ், எலக்ட்ரிகல் துறைகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பிஎச்டியில் நீ சேர்வது துறையில் இல்லை, ஒரு லேப்பில், ஒரு கைடிடம். ஒரே வராந்தாவில் ஒரு கதவுக்குப் பின்னால் குரங்கு படம் பார்த்துக்கொண்டிருக்கும், அடுத்த கதவுக்குப் பின்னால் ஈக்கு வாசனை காட்டிக்கொண்டிருப்பார்கள், அதற்கடுத்த அறையில் ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் மாடல் ஓட்டுவார்கள். மூன்றுக்கும் தரும் பட்டம் ஒன்றுதான், கற்றுக்கொண்டு வெளியே வரும் கைவேலை மூன்று விதம்.

கைவேலை என்று சும்மா சொல்லவில்லை. நான் செய்வது ஸ்லைஸ் பேட்ச் கிளாம்ப், அதாவது மூளைச் சீவலில் ஒற்றை நியூரானின் மின்சாரத்தை அளப்பது. காலையில் எலியின் மூளையை எடுத்துப் பனிக்கட்டிக் குளிரில் இருக்கும் கரைசலில் போட்டு, வைப்ரடோம் என்ற அதிரும் பிளேடால் 300 மைக்ரான் தடிமனில் சீவுவோம். அந்தச் சீவல் உயிரோடு இருக்க வேண்டும், அதனால் 95 சதவீதம் ஆக்சிஜன், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு கரைசலில் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். பிறகு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, முனை ஒரு மைக்ரான் அளவுக்கு வரும் பிப்பெட் செய்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே நியூரானை நெருங்க வேண்டும். பிப்பெட்டுக்குள் மெல்லிய அழுத்தம் கொடுத்துக்கொண்டே போவோம், முனை பட்டதும் செல்லின் மேல் ஒரு சின்னக் குழி விழும், அந்த நொடியில் அழுத்தத்தை விட்டு, வாயில் வைத்திருக்கும் ரப்பர் குழாயால் லேசாக உறிஞ்ச வேண்டும். ஆமாம், வாயால்தான், இத்தனை லட்ச ரூபாய் கருவிக்கு நடுவில். திரையில் மின்தடை மெகா ஓமிலிருந்து கிகா ஓமுக்கு ஏறினால் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் உறிஞ்சினால் சவ்வு கிழிந்து செல்லுக்குள் போய்விடலாம், அதிகமாக உறிஞ்சினால் செல் செத்தது. எர்வின் நேயருக்கும் பெர்ட் சாக்மனுக்கும் 1991-ல் நோபல் கிடைத்தது இந்த முறைக்குத்தான். இது எந்தப் புத்தகத்திலும் வராது, சீனியர் ஒருத்தர் பக்கத்தில் நின்று "இப்ப விடு, இப்ப இழு" என்று சொல்லிச் சொல்லித்தான் வரும். சில மாதங்கள் ஒரு நல்ல டேட்டாவும் இல்லாமல் போகும், எல்லாருக்கும் போகும்.

இதெல்லாம் சரியாக வந்த பிறகு சிக்னலில் 50 ஹெர்ட்ஸ் சத்தம் வரும். நம் கரண்டின் அலை. ரிக்கை (இந்தக் கருவிகளெல்லாம் இருக்கும் மேடை) சுற்றி, வெளி மின்னலைகளைத் தடுக்கும் ஃபாரடே கூண்டு போட்டிருந்தாலும் எங்கிருந்தோ நுழையும். ட்யூப்லைட்டா, சார்ஜரா, கிரவுண்ட் வயர் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதான். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொடுத்தது அந்தச் சத்தம்.

சேரும் வழி: சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்சஸ் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை), இல்லையென்றால் கேட் (GATE) தேர்வு, இல்லையென்றால் மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா ஆராய்ச்சி நிறுவனம்) நடத்தும் ஜிஎஸ் தேர்வு (என்சிபிஎஸ்ஸுக்கு இது முக்கியம்). அதற்குப் பிறகு இன்டர்வியூ, அங்கேதான் உண்மையான வடிகட்டல். ஜுவாலஜி என்பதால் யாரும் கழித்துவிட மாட்டார்கள். உன் புராஜெக்ட்டையே தோண்டுவார்கள், "ஏன் இந்த டோஸ், கன்ட்ரோல் என்ன, எத்தனை மீன், அது ஏன் போதும்?" இதற்குப் பதில் இருந்தால் செவுள்கூடப் போதும்.

பணம்: ஜேஆர்எஃப் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, ஹாஸ்டல் இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. வருடம் ஐந்து என்று அப்பாவிடம் சொல், மனதுக்குள் ஆறு என்று வைத்துக்கொள். சில நேரம் பணம் மாதக்கணக்கில் தாமதமாக வந்து மொத்தமாக விழும், கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு போ.

---

தலைக்கு_எண்ணெய்_வேண்டாம் எழுதியது:

எலியைக் கொல்லாமல் வழி உண்டா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், நான் வேலை செய்வது மனிதர்களிடம், ஈஈஜி, அதாவது தலைமேல் எலக்ட்ரோடு வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவது. படித்தது ஈசிஇ.

மனித ஆராய்ச்சி என்றால் சுலபம் என்று நினைக்காதீர்கள். எலி சரியான நேரத்துக்கு லேப்பில் இருக்கும், மனிதர் வரமாட்டார். வந்தாலும் தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வருவார். முந்தின நாளே ஃபோன் போட்டு ஷாம்பூ போட்டுக் குளித்து, எண்ணெய் தடவாமல் வாருங்கள் என்று கெஞ்சியிருப்போம், "வெறுந்தலையோட எப்படிங்க வெளியே வர்றது" என்று ஒரு அம்மா உண்மையிலேயே கோபித்துக்கொண்டார். எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையே தடை ஏறிவிடும், சிக்னல் வெறும் இரைச்சலாக வரும். 64 எலக்ட்ரோடு உள்ள தொப்பியை மாட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஜெல் விட்டு, முடியை விலக்கி, திரையில் தடை இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து முடிப்பதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். தொப்பி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் முதலில் சொல்வது "கண்ணை மூடுங்க". மூடியதும் பின்மண்டையில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை பெரிதாக எழும், திறந்தால் அடங்கும். ஹான்ஸ் பெர்கர் 1929-ல் எழுதிய அதே அலை. புதிதாகச் சேரும் எல்லாருக்கும் முதலில் காட்டுவது இதைத்தான், பார்த்ததும் முகம் மாறாத ஆளை நான் பார்த்ததில்லை.

கணக்கு விஷயம். மேலே அக்கா அதைத் தொடவே இல்லை, ஸ்லைஸ்காரர்கள் அப்படித்தான் :) இடிக்கும் தம்பி, ஆனால் கதவை அடைக்காது. டேட்டாவை எடுப்பது ஒரு பங்கு, அதைப் பிரித்துப் பார்ப்பது மூன்று பங்கு. புள்ளியியல், கொஞ்சம் லீனியர் ஆல்ஜீப்ரா, ஃபூரியே (ஒரு சிக்னலை அதிலுள்ள அலைகளாகப் பிரிப்பது) என்றால் என்ன, டிஃபரென்ஷியல் சமன்பாடு எதைச் சொல்கிறது, இவ்வளவு போதும், நிரூபணம் எல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகளையே பைத்தானில் எழுதி ஓட்டிப் பாருங்களேன், மொத்தம் நாலு சமன்பாடு, உள்ளே மின்னோட்டம் கொடுத்தால் ஸ்பைக் (அந்த மின்துடிப்பு) வரும், கொஞ்சம் குறைத்தால் வராது. அதை உங்கள் கையால் வரவழைத்துவிட்டால் கணக்குப் பயம் பாதி போய்விடும். 2020-ல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் பாடங்கள் முழுக்க இலவசமாக இணையத்தில் கிடக்கின்றன, பைத்தானும் நியூரோவும் சேர்ந்தே வரும்.

அப்புறம் ஒன்று, மேலே சொன்ன ஊர்ப் பட்டியலில் சென்னையை விட்டுவிட்டார்கள். ஐஐடி மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. முழு மனித மூளையை மெல்லிய தாளாகச் சீவி, சாயம் ஏற்றி, செல் தெரியும் அளவுக்குப் படமெடுக்கிறார்கள். கருவில் இருக்கும் சிசுவின் மூளைக்கு 'தரணி' என்ற வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள், 5,132 சீவல்கள், யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். திசு வெட்டி, ஸ்லைடு போட்டுப் பழகிய ஜுவாலஜிக்காரருக்கு அது அந்நிய உலகம் இல்லை. மைக்ரோடோம் (திசுவைச் சீவும் கருவி) பிடித்த கை உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

---

வௌவால்_வாத்தியார் எழுதியது:

ஓய்வுபெற்ற ஜுவாலஜி ஆசிரியன். "ஜுவாலஜிக்காரனை எடுப்பார்களா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருப்பதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் மதுரை. அங்கே காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்று ஒருவர் இருந்தார். ஜெர்மனியில் உயிர்க்கடிகார ஆராய்ச்சியாளர் எர்வின் பூனிங்கிடம் வேலை செய்துவிட்டு வந்து, விலங்கு நடத்தைக்கும் உடலியலுக்கும் ஒரு துறையை வளர்த்தார். உயிர்களுக்குள் ஓடும் கடிகாரம் பற்றிய ஆராய்ச்சி. கருவி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, மதுரையைச் சுற்றியுள்ள குகைகளும் அவற்றில் தொங்கும் வௌவால்களும்தான்.

1981-ல் அவரும் மாரிமுத்துவும் ராஜனும் சேர்ந்து வெளியிட்ட ஒரு வேலையைச் சொல்கிறேன். வௌவாலைப் பிடித்துக் குகைக்குள்ளேயே கூண்டில் வைத்தார்கள், வெளிச்சமே படாத இருட்டு. மற்ற வௌவால்கள் சுதந்திரமாக மாலையில் வெளியே போய் விடியலில் திரும்புகின்றன. கூண்டில் இருப்பது இரவு பகல் எதையும் பார்க்கவில்லை, ஆனாலும் கூட்டம் கிளம்பும் நேரத்துக்குத் தானும் சிறகடிக்கத் தொடங்கியது, நாள் தவறாமல். அதே வௌவாலை வேறு வௌவால் இல்லாத குகையில் வைத்தால் அதன் நேரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஊரோடு ஒட்டாமல் போய்விட்டது. ஆக, சக வௌவால்களின் போக்குவரத்தே அதன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. எலக்ட்ரோடு இல்லை, எம்ஆர்ஐ இல்லை, கேள்வி மட்டும் சரியாக இருந்தது. வெளிச்சமும் நேரமும் தெரியாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் அங்கே பார்த்தார்கள்.

பாலூட்டிகளில் அந்தக் கடிகாரம் ஹைப்போதலாமசில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, ஏறத்தாழ 20,000 நியூரான்கள் கொண்ட சின்னக் கொத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈயில் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-ல் நோபல் கொடுத்தார்கள். அந்தத் தேடலும் ஈயின் நடத்தையைப் பார்ப்பதில்தான் ஆரம்பித்தது.

ஈயைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. எலி வேண்டாம் என்கிறீர்கள், ஈயைக் கொல்வதில் மனசு எப்படியோ! ஒபைத் சித்திக்கி 1970-களில் அமெரிக்க விஞ்ஞானி சைமூர் பென்சரோடு சேர்ந்து சூடு ஏறினால் முடங்கி விழும் ஈக்களை ஆராய்ந்தார், சூட்டைக் குறைத்தால் எழுந்து நடக்கும். நரம்பில் எந்தப் பழுது என்று தேடினார்கள். பிறகு ஈ எப்படி மணமும் சுவையும் அறிகிறது என்று மும்பையில் தொடங்கி பெங்களூர் வரை ஒரு பரம்பரையே அவரிடமிருந்து வந்தது, என்சிபிஎஸ்ஸைத் தொடங்கியவரும் அவரே. இன்று அந்தப் பக்கத்து லேப்கள் பலவற்றுக்கு வேர் அங்கேதான்.

மேலே மூன்று தேர்வுப் பெயர் எழுதியிருக்கிறார்கள், சரிதான், எழுதுங்கள். ஆனால் ஒரு மிருகத்தை மணிக்கணக்கில் சும்மா பார்க்கத் தெரிந்தவனுக்கு இந்தத் துறையில் எப்போதும் பஞ்சம்.

---

இரவுப்பணி எழுதியது:

நரம்பியல் டாக்டர் நான். அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: பெயருக்கு முன்னால் டாக்டர் வரும், ஊசி போடும் டாக்டர் இல்லை. நோயாளியைப் பார்க்க அனுமதி கிடையாது. இதை மறைத்துச் சேர்ந்துவிட்டு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் தலைவலிக்கு மருந்து சொல்ல முடியாமல் முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மேலே எழுதியவர்களோடு ஒத்துப்போக மாட்டேன். பார்க்கின்சன், வலிப்பு, பக்கவாதம் என்று நோயின் பக்கம் ஆர்வம் இருந்தால், மருத்துவமனையோடு ஒட்டிய இடத்துக்குத்தான் போக வேண்டும், நிம்ஹான்ஸ் மாதிரி. எலியில் பார்க்கின்சன் என்று சொல்லிக்கொண்டு வாழ்நாளில் ஒரு பார்க்கின்சன் நோயாளி நடந்து வருவதைப் பார்க்காமலே பிஎச்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கை நடுங்குவது தெரியும், ஆனால் சட்டைப் பொத்தான் போட எத்தனை நேரம் ஆகிறது, வாசல்படி வந்ததும் கால் ஏன் ஒட்டிக்கொள்கிறது, இதெல்லாம் வார்டில்தான் தெரியும். நல்ல ஆராய்ச்சிக் கேள்வி அங்கே சும்மா கிடக்கிறது.

நிம்ஹான்ஸில் 1995-லிருந்து மனித மூளை வங்கி இருக்கிறது, இறந்தவர்களின் குடும்பத்தினர் கொடுத்த மூளைகள். அங்கே ஒரு அருங்காட்சியகமும் உண்டு, பதப்படுத்திய மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். ஏறத்தாழ ஒன்றே கால், ஒன்றரை கிலோ. பெங்களூர் போனால் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

---

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வாத்தியார் ஐயா, வௌவால் பேப்பரைத் தேடி எடுத்துவிட்டேன். டாக்டர் சார், அப்பாவிடம் பேசினேன், "ஊசி போடாத டாக்டர்" என்றதும் ஒன்றும் சொல்லாமல் டிவியைப் போட்டுவிட்டார், பார்ப்போம். அக்கா, நாலாவது செமஸ்டர் புராஜெக்ட்டை வெளியே ஏதாவது லேப்பில் செய்ய எங்கள் துறையில் அனுமதி உண்டு, ஆனால் இதுவரை யாரும் போனதில்லை. எப்படிக் கேட்பது? பத்து பேருக்கு மெயில் போட்டேன், ஒரு பதிலும் இல்லை.

---

ரிக்_நம்பர்_மூன்று எழுதியது:

பத்து பேருக்கும் ஒரே மெயிலைப் போட்டிருப்பாய். "மதிப்பிற்குரிய ஐயா, தங்களது மதிப்புமிக்க ஆய்வகத்தில்" என்று ஆரம்பித்திருந்தால் மூன்றாவது வரிக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். எங்கள் கைடுக்கு அப்படி வருவது குவிந்துகிடக்கும்.

மூன்று லேப் மட்டும் எடு. ஒவ்வொன்றிலும் கடைசியாக வந்த ஒரு பேப்பரைப் படி, முழுக்கப் புரிய வேண்டாம், ஒரு படமாவது புரியட்டும். மெயிலில் எட்டு வரி போதும். யார் நீ, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வர முடியும், கையால் என்ன செய்யத் தெரியும் (மைக்ரோடோம், ஸ்டெயினிங், மீன் பராமரிப்பு, இதெல்லாம் எழுது, ஜீப்ரா மீனில் நியூரோ செய்யும் லேப்களுக்கு மீன் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன் கிடைத்தால் வரப்பிரசாதம்), அந்தப் பேப்பரில் உனக்கு எழுந்த ஒரு கேள்வி. உன் துறைத்தலைவரின் அனுமதி இருக்கிறது, பணம் கேட்கவில்லை, தங்குமிடம் நானே பார்த்துக்கொள்வேன் என்று ஒரு வரி. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழே ஒரு வரி போடு, அதில் தப்பே இல்லை. அப்படியும் இல்லையென்றால் அந்த லேப்பின் பிஎச்டி மாணவருக்கு எழுது, நாங்கள்தான் மெயில் படிக்கிறவர்கள்.

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஃபெல்லோஷிப் இரண்டு மாதம் கிடைக்கும், ஆனால் அதற்கு முந்தின வருடக் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும், உனக்குத் தாண்டிவிட்டது. உன் ஜூனியர்கள் காதில் போட்டுவை.

லேப்பில் கால் வைத்ததும் கைடைப் பார்ப்பதைவிட அங்கே இருக்கும் பழைய மாணவர்களோடு டீ குடி. எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், நடுவில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், பேப்பரில் பெயர் யாருக்குப் போகிறது, உடம்பு சரியில்லையென்றால் லீவு கேட்க முடிகிறதா, இதைக் கேள். நேராகச் சொல்லமாட்டார்கள், கேள்வியைக் கேட்டதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள் பார், அதுவே பதில்.

மெயிலை எழுதிவிட்டு அனுப்புவதற்கு முன்னால் இங்கே ஒட்டு, பெயர் ஊர் எல்லாம் எடுத்துவிட்டு. திருத்தித் தருகிறேன். ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்று ரிக்கைக் கழுவும் முறை என்னுடையது.